பினியன் கழலாமல் நிற்க எனக்குப் பலன் தந்த முறை

என்னுடையது 1/10 அளவு பக்கி வகை ரிமோட் கண்ட்ரோல் கார். 540 வகை பிரஷ்லெஸ் மோட்டார், 3.175 மி.மீ. ஷாஃப்ட் (எட்டில் ஒரு அங்குலம்), 48 பிட்ச் (பல்லின் அளவு) ஸ்டீல் பினியன், அதாவது மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சின்னப் பற்சக்கரம். சில வருடங்களாக மண் தரையில்தான் ஓட்டுகிறேன். டயர், ஷாக், பேட்டரி எல்லாம் மாறிவிட்டன. பினியன் மட்டும் மாட்டிய இடத்திலேயே நிற்கிறது.

பினியன் முழுசாகக் கழன்றால் உடனே தெரிந்துவிடும். மோட்டார் அலறும், வண்டி நகராது. அரைகுறையாகத் தளர்வதுதான் ஆபத்து. பினியன் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரின் பல்லில் பாதி அகலத்தை மட்டும் கடித்துக்கொண்டு ஓடும். சத்தம் லேசாகத்தான் மாறும். கழற்றிப் பார்ப்பதற்குள் பிளாஸ்டிக் ஸ்பர் மழுங்கியிருக்கும்.

யாரைக் கேட்டாலும் முதலில் த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் பூசும் பசை) என்பார்கள். அது வேண்டும்தான். ஆனால் என் அனுபவத்தில், பினியனை ஷாஃப்டோடு பிடித்து நிறுத்தும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ, ஷாஃப்டின் தட்டை வெட்டில் எப்படி உட்காருகிறது என்பதுதான் முதல் விஷயம். ஸ்க்ரூவின் நுனி வெட்டின் ஓரத்தில் ஏறி நின்றாலும் கைக்கு இறுக்கமாகவே தெரியும். வேகமாக எடுத்து பிரேக் போட்டதும் பினியன் இம்மி திரும்பி, நுனி ஓரத்திலிருந்து வழுக்கிவிடும். அதோடு பிடியும் போய்விடும். அதனால் ஸ்க்ரூவை லேசாகத் தொடும் வரை மட்டும் திருகுவேன். பிறகு பினியனை இரு விரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்ப்பேன். அந்த ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி இறுக்கினால் நுனி வெட்டில் படிந்து உட்காரும். அடுத்த முறை கழற்றும்போது வெட்டின் நடுவில் சின்ன வட்டத் தழும்பு இருந்தால், சரியாக உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம்.

ஷாஃப்டில் வெட்டே இல்லாத மோட்டார்களும் உண்டு. அதில் நாமே வெட்டு எடுக்கத்தான் வேண்டும். ஷாஃப்ட் கடினமானது, அரம் வழுக்கும். ரோட்டரி டூலில் கட்டிங் டிஸ்க் போட்டுத் தேய்ப்பதே சரி. மோட்டாரின் துளைகளையும் பேரிங்கையும் டேப்பால் நன்றாக மூடிவிடுங்கள். காந்தம் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் பாழ்.

அடுத்தது ஆலன் கீ. 3 மி.மீ. கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. கீ. பினியனோடு வரும் எல் வடிவக் கீயை நான் தொடுவதே இல்லை. கடினமான ஸ்டீல் நுனியுள்ள டிரைவர் ஒன்று வாங்கிவிட்டால் ஸ்க்ரூவின் அறுகோணம் வட்டமாகாது. இந்தப் பொழுதுபோக்கில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். அறுகோணம் கொஞ்சம் தேய்ந்தாலும் அந்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

த்ரெட் லாக்கரில் நான் பயன்படுத்துவது லாக்டைட் 243, நீல நிறம், நடுத்தர வலு. காற்று படாத இடத்தில், உலோகத்தோடு சேர்ந்தால்தான் அது இறுகும். லேசான எண்ணெயைத் தாங்கும் என்றாலும் மரை, ஸ்க்ரூ, ஷாஃப்ட் மூன்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுவேன். ஸ்க்ரூவின் மரையில் ஒரே ஒரு சொட்டு போதும். அதிகமானால் மோட்டார் பேரிங்கில் வழிந்துவிடும். பாலிகார்பனேட் பாடியில் பட்டால் விரிசல் விடும். முழு வலுவுக்கு 24 மணி நேரம் விட்டுவிடுகிறேன். பூசியதும் ஓட்டக் கிளம்புகிறவர்கள்தான் அது பிடிப்பதில்லை என்று குறை சொல்கிறார்கள்.

சிவப்பு நிறத்தது வேண்டவே வேண்டாம். இந்தச் சின்ன ஸ்க்ரூவுக்கு அது மிகை. கழற்றும்போது கீயின் நுனிதான் போகும். நீலமே அடம்பிடித்தால் சால்டரிங் அயன் நுனியை ஸ்க்ரூவின் குழிக்குள் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும். மோட்டார் மேல் ஜுவாலை காட்டக்கூடாது: ரோட்டரில் இருப்பது நியோடிமியம் காந்தம், அதிகச் சூட்டில் வலுவிழக்கும்.

அலுமினியம் பினியனும் போட்டுப் பார்த்தேன். எடை குறைவு, ஆனால் ஸ்டீல் ஸ்க்ரூவைச் சில முறை கழற்றி மாட்டினாலே மரை தளர்ந்துவிடுகிறது. அடிக்கடி கியர் மாற்றுகிறவர்கள் ஸ்டீலிலேயே இருங்கள். 1/8 வண்டிகளில் ஷாஃப்ட் 5 மி.மீ., ஸ்க்ரூவும் பெரியது, கீ வழுக்கும் தொல்லை குறைவு. ஆனால் அங்கே மோட்டாரின் முறுக்கு விசையும் கூடுதல் என்பதால் துடைப்பதிலும் நடுவில் உட்காரவைப்பதிலும் சலுகை கிடையாது.