கடற்காற்றும் மின் பார்க்கிங் பிரேக்கும்: சில ஆண்டு அனுபவம்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது பார்க்கிங் பிரேக்குக்கு நெம்புகோலுக்குப் பதில் பட்டன் உள்ள வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பழகியவர்களுக்கு அதன் சுகம் புரியும். உப்புக்காற்றுதான் அதற்கு ஆகாது.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என் வண்டியில் பின்சக்கரக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) ஒவ்வொன்றிலும் பார்க்கிங் பிரேக்கை இறுக்க ஒரு சிறு மோட்டார் உண்டு. பட்டனை அழுத்தும்போது மனைவியை வெளியே நின்று கேட்கச் சொன்னேன். இடப்பக்கம் ‘கிர்ர்’ என்றது. வலப்பக்கம் சத்தமே இல்லை. சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள். வலது மோட்டார் சர்க்யூட்டில் கோளாறு என்று வந்ததும், காலிப்பரோடு சேர்த்து இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னார்கள். பழுதே இல்லாத இடதுபக்கத்தையும் ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை.

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்தார். “ஸ்கேனர் தருவது எஃப்.ஐ.ஆர். தம்பி, தீர்ப்பு இல்லை.” சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ஒயர், கனெக்டர், மோட்டார் எல்லாமே அடக்கம். முதலில் பேட்டரியைச் சோதித்தார். வோல்டேஜ் இறங்கினாலே இந்த விளக்கு எரியக்கூடும். பிறகு கனெக்டரைக் கழற்றாமல், பின்புறமாக மீட்டர் ஊசியை நுழைத்து, என்னைப் பட்டனை அழுத்தச் சொன்னார். அங்கே 12 வோல்ட் அளவுக்கு வந்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டார்மேல் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியிலோ வோல்டேஜ் நிலையாக நிற்காமல் மீட்டர் தள்ளாடியது. கனெக்டரைத் திறந்தால் உள்ளிருக்கும் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு. புது டெர்மினல் போட்டதும் மோட்டார் சுற்றியது.

அடுத்த முறை இடப்பக்கம். சத்தம் வந்தது, ஆனால் திணறலாக. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரைத் தனியே எடுத்தார். பிரேக் ஆயில் லைனைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வெளியே எடுத்த மோட்டார் நன்றாகவே சுற்றியது. காலிப்பருக்குள் மோட்டார் சுழற்றி பிஸ்டனைத் தள்ளும் திருகான ஸ்பிண்டில்தான் கையால் திருப்பினால் அசைய மறுத்தது. சீல் வழியாக நீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. அந்தக் காலிப்பரை மட்டும் மாற்றினோம். பழி சுமந்த மோட்டார்கள் இரண்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டியில் பொருத்திய மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்க யாரையும் விடாதீர்கள். இறுகியதும் ஏறும் கரன்டை அளந்து நிறுத்துவது கன்ட்ரோல் யூனிட்தான். அந்த யூனிட்டைத் தவிர்த்து மின்சாரம் கொடுத்தால் மோட்டாரின் பல்சக்கரம் போய்விடும். பின் பிரேக் பேட் மாற்றும்போதும் மோட்டார் பிரேக்கை முழுதாகத் தளர்த்தி வைக்கும் சர்வீஸ் மோடுக்கு முதலில் போகாமல் பிஸ்டனை உள்ளே அழுத்தக் கூடாது.

இன்னும் எரிச்சலூட்டுவது ஒன்றே ஒன்று. பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் பிரேக் விடாது, வண்டியைத் தள்ளவும் முடியாது. ஜம்ப் கேபிள் டிக்கியிலேயே கிடக்கிறது.