ஆறு எல்இடி ட்யூபும் அம்மாவின் ரேடியோவும்

போன வாரம் அண்ணன் மகன் பெரம்பூரிலிருந்து போன் செய்து, "சித்தப்பா, நீங்க மாட்டின எல்இடி ட்யூபையே நானும் வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம்டா" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கிச்சன் ட்யூபைக் கழற்றிக்கொண்டு எலெக்ட்ரீஷியன் கடையில் உட்கார்ந்திருந்த நேரம் அது.

நங்கநல்லூர் வீட்டில் ஆறு பழைய ட்யூப் லைட்டையும் எடுத்துவிட்டு 20 வாட் எல்இடி மாட்டி இரண்டரை வருஷம் ஆகிறது. பழையது பேருக்குத்தான் 40 வாட். காப்பர் சோக் தின்பதையும் சேர்த்தால் 52, 55 வரும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆறுக்கும் சேர்த்து இரண்டு மாத பில்லில் 60 யூனிட் மிச்சம். 520 பக்கம் வந்துகொண்டிருந்த ரீடிங் 460க்கு இறங்கியது. லாபமே இங்கேதான். நம் ஊரில் அப்போது இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் இரண்டு மடங்கு ரேட். தாண்டாததால் பில்லுக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல் குறைந்தது. மே மாதம், ஏசி ஓடும்போது, இந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கக் கூடாது.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். அம்மாவுக்குக் காலையில் மீடியம் வேவில் சென்னை வானொலி, 720 கிலோஹெர்ட்ஸ். எல்இடி மாட்டிய மறுநாள் கிச்சன் சுவிட்சைப் போட்டதும் செய்தி வாசிப்பவர் குரலுக்கு மேல் 'கொர்ர்' என்று ஒரு இரைச்சல். அணைத்தால் நிற்கும். ரேடியோதான் பழசு என்று ஆறு மாதம் அம்மாவிடம் சாதித்தேன்.

இப்போது ட்யூப் செத்ததில்தான் குட்டு உடைந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் உள் போர்டு, போய்விட்டது. எலெக்ட்ரீஷியன் திறந்து காட்டினார்: இரண்டு விரல் அகல போர்டு, அதில் ஃபில்டர் காயிலுக்கென்று வட்டம் அச்சடித்திருக்கிறது. காயில் இல்லை, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்து சால்டர் செய்திருக்கிறார்கள். டிரைவர் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்தக் குப்பையை வடிகட்ட ஆள் இல்லாததால் வீட்டு ஒயரிங்கே ஏரியல் ஆகி, ரேடியோவுக்குள் வந்து உட்கார்கிறது. சில ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பவர் ஃபேக்டரும், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்ற கணக்கும், மட்டம்தான் என்றார். வீட்டு மீட்டர் வாட்டைத்தான் எண்ணும், அதனால் நம் பில்லில் அது தெரியாது. அந்த அதிகப்படி கரண்டைச் சுமப்பது மின்வாரிய ஒயர். சும்மா சொல்லக் கூடாது, பழைய காப்பர் சோக்கும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை.

ரிச்சி தெருவில் காயில் உள்ள டிரைவராகப் பார்த்து வாங்கிப் போட்டேன். கிச்சனில் இரைச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. மற்ற ஐந்தும் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கின்றன. பழக்கம் விடாமல் அம்மா இப்போதும் கிச்சன் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில்தான் டிகாஷன் இறக்குகிறார்.

அண்ணன் மகனுக்குத் திரும்பப் போன் செய்து சொன்னேன்: வாங்கு, ஆனால் பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ, எரியவிட்டு பக்கத்தில் வைத்துப் பார். "கடைக்காரன் சிரிப்பான் சித்தப்பா" என்றான். சிரிக்கட்டும். அப்புறம், விலை இறங்கியிருக்கிறதே என்று அதே கம்பெனி ட்யூப் இரண்டு நானும் வாங்கி வைத்திருக்கிறேன். மாடிப்படிக்கும் கார் ஷெட்டுக்கும். அங்கே ரேடியோ கிடையாது.