ஊழல் ஆளுநர்: நகரத்திலேயே வைப்பதா, படையோடு அனுப்புவதா?

'மெடீவல் 2: டோட்டல் வார்' கணினி ஆட்டத்தில் கஜானா 50,000 ஃப்ளோரினை (ஆட்டத்தின் நாணயம்) தாண்டினால், நகரத்தில் ஆளுநராக உட்கார்ந்திருக்கும் தளபதிகளுக்கு ஊழல் குணங்கள் ஒட்டத் தொடங்கும். காசைக் கட்டடங்களில் போட்டுக் கரைப்பதுதான் முதல் வைத்தியம். ஏற்கெனவே கெட்டுப்போனவரை என்ன செய்வது?

நகரத்திலேயே வைத்தால் அவருடைய வீரநெறியோ கொடூரமோ (ஆட்டம் தளபதிக்குத் தரும் குண மதிப்புகள்) மக்களை அடக்கி வைக்கும். ஆனால் வருமானம் கசியும். தலைநகரிலிருந்து தொலைவான ஊர் என்றால், தொலைவால் வரும் ஊழலும் சேர்ந்துகொள்ளும். கலகம் வெடிக்கும் நிலையிலுள்ள ஊருக்கு மட்டும் இது சரி.

படையோடு அனுப்பினால் குணம் போகாது, ஆனால் வரியைத் தொடாது. அவருடைய மெய்க்காவல் குதிரைப்படை எப்போதும்போலப் பாயும், திருடனின் குதிரை என்று மெதுவாக ஓடாது! ஆபத்து ஊருக்குள்தான்: அவர் கிளம்பியதும் பொது ஒழுங்கு சரியலாம். முதலில் உள்ளூர்க் காவல்படைகளைச் சேர்த்துவிட்டு, நகரம் பராமரிப்புச் செலவில்லாமல் படைகளை வைத்துக்கொள்ளத் தரும் இடங்களை நிரப்பி, பிறகு அவரை வெளியேற்றுங்கள். முன்பும் பின்பும் நகர விவரச் சுருளில் ஊழலால் போகும் தொகையைப் பாருங்கள். வித்தியாசம் சொற்பமானால் திருப்பி உள்ளே விடலாம்.

வளமான வணிக நகரமா, யோசிக்காமல் வெளியே அனுப்பிவிடுங்கள்.