சுயசான்று கட்டட அனுமதி: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்காகத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று அனுமதி முறையில் எங்கள் வீட்டுக்கு விண்ணப்பித்தோம். பத்திரம், பட்டா, மனைப்பிரிவு ஒப்புதல், வரைபடம் ஆகியவற்றை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும், கியூஆர் குறியீட்டுடன் அனுமதி ஆணை வந்துவிட்டது. வரைபடத்தைச் சரிபார்ப்பதற்கான கூர்ந்தாய்வுக் கட்டணமும் கிடையாது, பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த வேகத்துக்குக் காரணம், அனுமதிக்கு முன் அதிகாரி எவரும் மனையை வந்து பார்ப்பதில்லை என்பதே. விவரங்கள் அனைத்தும் உண்மை என்று கையெழுத்திடுபவர் நாம். தவறு தெரியவந்தால் அனுமதி ரத்தாகும் என்ற நிபந்தனையையும் நாமே ஏற்கிறோம். எனவே அலுவலகம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் கேட்கத் தவறவிருந்த கேள்வி ஒன்று உண்டு. பத்திரத்தில் எங்கள் மனை 40க்கு 60 அடி. வரைபடம் போட்டுத் தந்த பொறியாளர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, "ஆன்லைன்ல உடனே வந்துரும் சார், கவலைப்படாதீங்க" என்றார். மேஸ்திரி நூல் பிடித்து அளந்தபோது முன்பக்க அகலம் 39 அடி 2 அங்குலமே இருந்தது. அந்தப் பத்து அங்குலம் பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்திலிருந்துதான் போயிருக்கும். அனுமதி ஆணையோ சிக்கலின்றி வந்திருக்கும். பத்திரம், பட்டா, தரையளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதை வைத்து வரையச் சொல்லி, ஒரு வாரம் தாமதமாக விண்ணப்பித்தோம். பொறியாளருக்கு அதில் சற்று வருத்தம்தான்.

அடுத்து, தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு. உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொதுவாக 2.0 என்று அனுமதிப்பதால், 2,400 சதுர அடி மனையில் 4,800 வரை கட்டலாம் என்று உறவினர் ஒருவர் கணக்குச் சொன்னார். கணக்கு சரியே, ஆனால் சுயசான்றில் 3,500தான் எல்லை. மொட்டை மாடியில் பின்னாளில் வாடகைக்கு ஓர் அறை எழுப்பும் எண்ணமிருந்தால், அதை இப்போதே பொறியாளரிடம் சொல்லிவிட்டு, வழக்கமான திட்ட அனுமதிக்குப் போவதே முறை. மனை வாங்கும் நிலையில் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகவே, அது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவாகி வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று கேட்டுவிட வேண்டும். அந்த அங்கீகார அல்லது வரன்முறை ஆணையின் நகலைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அனுமதிக்கான சதுர அடிக் கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறுகிறது என்பதால், பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் தொகையை நம்பி வரவுசெலவு போட வேண்டாம். இணையதளம் கோப்புகளைக் கேட்கிறதே தவிர, எந்த அளவை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எளிய தமிழில் விளக்குவதில்லை. அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன்.