மொரீஷியஸ் ஒருநாள் கார் டூர்: 3/5, மிச்ச 2 ஏன் போச்சுன்னு சொல்றேன்

கம்பெனி பேரு வேண்டாம், ஹோட்டல் ரிசப்ஷன்ல புக் பண்ணது. கார் நல்லா இருந்துச்சு, ஏசி ஓகே, டிரைவர் தங்கமான மனுஷன். பிரச்சனை ரூட்டுல தான். நாங்க போனது பிப்ரவரி 1, அங்க அடிமை முறை ஒழிஞ்ச நாள், 1835ல ஒழிஞ்சது, நாடு முழுக்க லீவு. ஆனா டூர் பேப்பர்ல லெ மோர்ன் மலைக்கு 10 நிமிஷம், போட்டோ ஸ்டாப், அவ்ளோதான்!

தப்பிச்சு ஓடின அடிமைங்க ஒளிஞ்சிருந்த மலைங்க அது. விடுதலைன்னு சொல்ல வந்த போலீஸைப் பார்த்து, பிடிக்கத்தான் வர்றாங்கன்னு நினைச்சு மேலேருந்து குதிச்சிட்டாங்கன்னு ஊர்க்காரங்க வழிவழியா சொல்றாங்க. 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேர்ந்துச்சு. கீழ பூரா ரிசார்ட், பீச், கல்யாண போட்டோஷூட். "கூட்டமா இருக்கும் சார், விட்டுடலாம்"னு போன்ல ஆபீஸ்காரர் சொல்றார், கூட்டம் இருக்கிற நாள்ல தானேயா போகணும்னு நான் அடம் பிடிச்சு அங்க இருக்கிற அடிமைங்க நினைவுச்சின்னத்துக்கிட்ட இறங்கினேன். மலையைப் பார்த்த மாதிரி நடுவுல ஒரு கல், சுத்தி சின்னச் சின்ன சிற்பங்க, அடிமைங்க எந்தெந்த நாட்டுலேருந்து வந்தாங்களோ அதுக்கெல்லாம். கல்லு அடியில பூ வெச்சிருந்தாங்க, காத்துல பாதி பறந்து மணல்ல கிடந்துச்சு, ஒரு வயசான அம்மா குனிஞ்சு பொறுக்கி மறுபடி வெச்சாங்க.

மறுநாள் தலைநகர் போர்ட் லூயிஸ் எங்க காசுல தனியா போனோம், அதே டிரைவர். பழைய மிலிட்டரி ஆஸ்பத்திரியில அடிமை வரலாறு மியூசியம், பக்கத்துலயே ஆப்ரவாசி காட், அதாவது 1834லேருந்து ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்கின இடம், நம்ம மெட்ராஸ் பக்கத்து ஆளுங்க நிறைய. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தான் கணக்கு புரியும்: பிரிட்டிஷ் அரசாங்கம் தன்னோட காலனி முதலாளிங்களுக்கு 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு குடுத்துச்சு, அடிமைங்களுக்கு ஒரு பைசா இல்ல, மேல 1839 வரைக்கும் அதே தோட்டத்துல 'அப்ரண்டிஸ்', அதாவது தொழில் பழகுறவங்கன்னு பேரை மாத்தி அதே கட்டாய வேலை. அவங்க விட்டுப் போன கரும்புக்காட்டுக்கு தான் நம்ம ஆளுங்க.

லீவு விட்டு மாலை போடுறது சரி, ஆனா அவங்களுக்கு பிப்ரவரி 1, நமக்கு கூலிங்க வந்து இறங்கின நாள்னு நவம்பர் 2ன்னு தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்கிறது எனக்கு ஒட்டல. டிரைவர் தமிழ் வம்சாவளி தான், தமிழ் வராது, ஆப்ரவாசி காட்ல கூலிங்க ஏறி வந்த கல்படியைத் தொட்டுப் பார்த்தார். மியூசியத்துக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டா "அது கிரியோல் ஆளுங்களோடது"ன்னு (அடிமைங்க வம்சத்துல வந்தவங்களை அப்படித்தான் சொல்றாங்க) கார்லயே இருந்துட்டார்.

போறவங்க லெ மோர்ன், போர்ட் லூயிஸ் ரெண்டையும் புக் பண்ணும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. லீவு நாள்ல போர்ட் லூயிஸ் வெச்சுக்காதீங்க.