பழைய தறிக்குடோனில் தீயணைப்பான்கள்: எதை வாங்கினோம், எந்தச் சுவரில் மாட்டினோம்

பல்லடத்துக்கு அருகே எங்கள் குடும்பத்தின் பழைய தறிக்குடோனையும் அதை ஒட்டிய ஓட்டு வீட்டையும் பழுதுபார்த்து, பனியன் செக்கிங், அயர்னிங், பேக்கிங் நடக்கும் கூடமாக மாற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன. அப்போது 10 தீயணைப்பான்களை வாங்கி மாட்டினோம். சிலிண்டர்கள், அவற்றோடு தந்த பிராக்கெட், கடைக்காரர்கள் ஆள் அனுப்பி மாட்டிக் கொடுத்த வேலை ஆகிய மூன்றையும் இங்கே தனித்தனியாக மதிப்பிடுகிறேன். சிலிண்டர்களில் எனக்கு முழு நிறைவு உண்டு. பிராக்கெட் சுமார்தான். மாட்டிக் கொடுத்த வேலையைப் பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து.

எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நீட்டுவது 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டரைத்தான். துணி, அட்டை, மரம் போன்ற திடப்பொருள்களின் தீ ஏ வகை என்றும், எரியும் திரவங்களின் தீ பி வகை என்றும், வாயுக்களின் தீ சி வகை என்றும் பிரிக்கப்படுகின்றன. மோனோ அமோனியம் பாஸ்பேட் பவுடர் இந்த மூன்றிலும் வேலை செய்யும் என்பதால் அதைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. நாங்களும் நான்கு வாங்கினோம். கறை எடுக்கும் திரவத்தைப் பீய்ச்சும் கன் வைத்திருக்கும் மேசைக்கு அருகில் ஒன்று, ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஒன்று, பேக்கிங் பகுதிக்கு இரண்டு. கறை எடுக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது; அயர்ன் மேசைக்குப் பக்கத்திலேயே அதை வைத்துப் பயன்படுத்தும் வழக்கம் பல யூனிட்டுகளில் இருப்பதால், அந்த இடத்துக்கு இந்தச் சிலிண்டர் மிகவும் பொருத்தமானது. வாங்கும்போது பவுடரில் பாஸ்பேட்டின் அளவு 50 சதவீதமா, 90 சதவீதமா என்று லேபிளைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரு வேறுபாடும் தெரியாது.

ஆனால் பருத்தி இருக்கும் இடத்தில் பவுடரை மட்டும் நம்பக் கூடாது. பவுடர் சுவாலையை அடக்குமே தவிர, பொருளைக் குளிரவைக்காது. கட்டுக்கட்டாக அடுக்கிய பனியன் துணிக்குள் தீ புகுந்துவிட்டால், மேலே சுவாலை அணைந்த பிறகும் உள்ளே கங்காகக் கனன்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் பற்றிக்கொள்ளும். அதை அடக்கத் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர்கள் மூன்றை வாங்கினோம். கடைக்காரர் அவை இப்போது அதிகம் போவதில்லை என்று தயங்கினார். நாங்கள் வற்புறுத்திய பிறகே வரவழைத்துக் கொடுத்தார். மின்சாரம் ஓடும் பொருளின் மேல் தண்ணீரை அடித்தால் அடிப்பவரையே மின்சாரம் தாக்கும் என்பதால், இந்த மூன்றையும் மின் பேனல் அறையிலிருந்து எட்ட, துணிக் கட்டுகள் அடுக்கும் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். தறி ஓடிய காலத்துப் பஞ்சுத் தூசி சட்டங்களின் மேலும் ஓட்டின் அடியிலும் படிந்து கிடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தத் தூசியில் பொறி பட்டால் தீ கூரையோடு ஓடும். மிக அருகில் நின்று பீய்ச்சினால் எரியும் தூசி பறந்து வேறு இடங்களையும் பற்றவைக்கும். எனவே சிலிண்டர் வாங்குவதற்கு முன்பே நான்கு நாள் ஆள் வைத்துக் கூரையைத் துடைத்தோம். இந்த மொத்தச் செலவில் அதிகப் பயன் தந்தது அந்த நான்கு நாள் கூலி என்றே நினைக்கிறேன்.

மின் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் இரண்டு வாங்கினோம். பவுடர் அடித்தாலும் தீ அணையும், ஆனால் பிரேக்கர்களுக்குள் படியும் பவுடர் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடோ எந்தப் படிவும் இல்லாமல் கலைந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சிறிய மூடிய அறைக்குள் இதை அடித்துவிட்டு அங்கேயே நின்றால் மூச்சு முட்டும். அதனால் அறைக்குள் மாட்டாமல், கதவுக்கு வெளியே மாட்டச் சொன்னோம். இதில் அழுத்தம் காட்டும் கேஜ் கிடையாது. உள்ளே வாயு இருக்கிறதா என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையையும் சோதனைத் தேதியையும் வாங்கிய அன்றே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

தொழிலாளர்களுக்கு மாலையில் பஜ்ஜி போடும் அடுப்படிக்கு, கொதிக்கும் எண்ணெய்த் தீக்கென உள்ள கே வகைச் சிலிண்டர் ஒன்று. அதன் திரவம் எண்ணெயின் மேல் சோப்பு நுரை போன்ற படலத்தை உருவாக்கி மூடிவிடுகிறது. விலை கூடுதல்தான், ஆனால் வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை.

பேனலுக்கு மேல் தொங்கவிடும் தானியங்கிச் சிலிண்டரையும் காட்டினார்கள். அதன் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடித்துத் தானே அடிக்கும். தாழ்ந்த, மூடிய கூரைக்கு அது நல்ல பொருள். எங்கள் ஓட்டுக் கூரையோ உயரமானது, இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறிவிடும். குமிழ் வெடிக்கும் அளவுக்கு மேலே சூடு சேர்வதற்குள் கீழே பாதி எரிந்திருக்கும். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எல்லாச் சிலிண்டரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற தர எண்ணும் இருந்தன. முத்திரைக்கு அருகிலுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தோம்; அது அந்தத் தயாரிப்பாளருக்கு உரியதாகவே இருந்தது. இதற்கு இரண்டு நிமிடம் போதும், கடையில் நின்றபடியே செய்யலாம்.

இனி மாட்டிய கதைக்கு வருகிறேன். எங்கள் ஓட்டு வீட்டுச் சுவர் செம்மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். மேலே ஓர் அங்குலச் சுண்ணாம்புப் பூச்சு. கடை அனுப்பிய இரண்டு பையன்கள் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், பூச்சைத் துளைத்து, பிளாஸ்டிக் பிளக் அடித்து, சிறிய ஸ்குரூ இரண்டில் பிராக்கெட்டை முடுக்கி, அரை நாளில் பத்தையும் மாட்டிவிட்டுப் போனார்கள். பார்வைக்கு வரிசையாக, அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், பேனல் அறைக்கு வெளியே இருந்த கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைச் செக்கிங் அக்கா ஒருவர் பார்த்துச் சொன்னார். தொட்டதும் பிளக்கோடு மண் உதிர்ந்தது. இரும்புச் சிலிண்டரோடு சேர்த்து ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள, உள்ளே கடும் அழுத்தத்தில் வாயு அடைத்த பொருள் அது. ஆள் நடமாடும் வழியில் விழுந்து வால்வு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் பதறுகிறது. கடைக்குத் தெரிவித்தபோது, அதே இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு துளை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவத்துல பிளக் நிக்காதுங்க. ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு போல்ட் போட்டாத்தானுங்க தாங்கும்" என்றார். அவர் சொன்னபடியே, சுவரின் முழுத் தடிமனையும் துளைத்து, இந்தப் பக்கம் ஒரு தேக்குப் பலகை, அந்தப் பக்கம் ஓர் இரும்புத் தகடு வைத்து, நீண்ட போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்கி, பிராக்கெட்டைப் பலகையில் முடுக்கினோம். எடை ஒரு புள்ளியில் இறங்காமல் பலகை முழுவதும் பரவுகிறது. புதிதாகப் போட்ட ஜிப்சம் போர்டுத் தடுப்பிலும் இதே சிக்கல் உண்டு. போர்டில் நேரே முடுக்கிய ஸ்குரூ நாளடைவில் பிய்த்துக்கொண்டு வரும். தடுப்பு வேலை நடக்கும்போதே, சிலிண்டர் வரும் இடத்தில் உள்ளே ஒரு பிளைவுட் துண்டை ஸ்டட் எனும் உள்சட்டத்தோடு இணைத்துவிடச் சொன்னால் பிறகு தொல்லை இல்லை. இரண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்களையும் சுவரிலிருந்து இறக்கி, வெல்டிங் பட்டறையில் செய்த தரை ஸ்டாண்டில் வைத்துவிட்டோம். குடோனின் சிமெண்ட் சுவரில் மட்டும் ஆங்கர் போல்ட் போதுமானதாக இருந்தது.

உயரத்தையும் பையன்கள் தங்கள் தோள் அளவுக்கு வைத்துவிட்டார்கள். எங்களிடம் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த உயரத்திலிருந்து 10 கிலோ எடையை அவர்களால் இறக்க முடியவில்லை. ஐ.எஸ். 2190 என்ற நடைமுறைத் தரம், சிலிண்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து 750 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கச் சொல்கிறது. அந்த அளவுக்கு இறக்கிய பிறகு, பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவரையும் ஒருமுறை எடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்னோம்; சிரமமின்றி எடுத்தார்கள். யாரும் 15 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு சிலிண்டரை எட்ட வேண்டும் என்றும் அதே தரம் சொல்கிறது. இந்தத் தூரத்தை வரைபடத்தில் கோடு இழுத்து அளந்தால் பழைய கட்டடத்தில் ஏமாந்துபோவோம். தடித்த சுவர், ஒற்றை நிலைக்கதவு, மேசை வரிசை எல்லாவற்றையும் சுற்றி நடந்து அளந்தபோது, 9 மீட்டர் என்று நினைத்த ஓரிடம் 19 மீட்டராக இருந்தது. ஓட்டு வீட்டின் முன்பகுதியான ஆசாரத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சிலிண்டரை, இதனால்தான் வெளிவாசல் பக்கம் மாற்றினோம். வாசலுக்கு அருகே இருந்தால், எடுப்பவர் வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தீயை எதிர்கொள்ளலாம். அணையாவிட்டால் பின்வாங்கி வெளியேறி 101-க்கு அழைக்கலாம்.

பராமரிப்புச் சேவையில் ஒரு குறை இருந்தது, அதைக் கடையும் பிறகு சரிசெய்தது. ரீஃபில் செய்யவும் அழுத்தச் சோதனைக்கும் எடுத்துப்போகும் சிலிண்டருக்கு மாற்றுச் சிலிண்டர் தருவதில்லை என்றார்கள். ஒரு வாரம் வெறும் பிராக்கெட்டைப் பார்த்துக்கொண்டு கூடத்தை நடத்த முடியாது என்று வாதாடி, மாற்றுச் சிலிண்டர் தருவதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். வாங்கும் அன்றே இதைக் கேட்டிருக்க வேண்டும். செயல்விளக்கம் மட்டும் சிறப்பாக இருந்தது: பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுவதைத் தகர டின்னில் தீ மூட்டிக் காட்டியதோடு, ஆறு பேரைச் செய்யவும் வைத்தார்கள். கேஸ் சிலிண்டரில் தீ பிடித்தால் முதலில் வால்வை மூட முயல வேண்டும், வாயு கசியும்போது சுவாலையை மட்டும் அணைப்பது ஆபத்து என்று அந்தப் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார்.

ஜெனரேட்டர் கொட்டகையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தகரக் கூரையின் அடியில் சித்திரை வெயிலில் சிலிண்டர் மிகவும் சூடாகிறது. லேபிளில் அச்சிட்ட வெப்ப எல்லையைத் தாண்டாமலிருக்க, அதைக் கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழல் விழும் சுவருக்கு மாற்றி, மேலே சிறிய தகர மறைப்பு ஒன்று போடச் சொல்லியிருக்கிறோம். அந்தச் சுவரையும் மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டார். அது கருங்கல் சுவர், ஆங்கர் போல்ட் நிற்கும்.