மொட்டை மாடி ஒழுகல்: இரண்டு காண்டிராக்டர், ஏழு மழைக்காலம்

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு இரண்டு முறை வேலை பார்த்தாயிற்று. முதல் வேலை பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது வேலைக்கு இது ஏழாவது மழைக்காலம். வேலை முடிந்த வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பாராட்டைத்தான் எழுதியிருப்பேன். அன்றைக்கு இரண்டு தளமும் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தன. சில மழையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று விட்டுவைத்ததில் ஏழு வருடம் ஓடிவிட்டது.

வீடு கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கான்கிரீட் தளம், ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். கணக்குக்கு 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கைப்பிடிச் சுவர், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, மழைநீர் இறங்க இரண்டு குழாய்.

முதலில் தெரிந்தது படுக்கையறைக் கூரையில் ஒரு பழுப்பு வட்டம். ஓரம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. அதன் மேல் பெயிண்ட் அடித்தேன். அடுத்த வருடம் வட்டம் பெரிதாகி வந்தது, மறுபடியும் அடித்தேன். மூன்றாவது வருடம் பெயிண்ட் செதில் செதிலாகக் கட்டிலில் விழுந்தது. ஒருநாள் மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் சொட்ட ஆரம்பித்தது. மழை பெய்தபோது சொட்டாமல் விட்ட பிறகு சொட்டுகிறதே என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

முதலில் வந்த காண்டிராக்டர் மாடிக் கதவைத் தாண்டவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு கோட் அடிச்சுட்டா போதும் சார், பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்றார். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரியில் ஒரு கொட்டேஷன். பாதிப் பணம் முன்பணம். மூன்று நாளில் வேலை முடிந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

பதினான்காவது மாதம் தளத்தில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது விரலுக்குத் தெரிந்தது. ஒன்றைக் கிழித்து இழுத்தேன். பாம்புச் சட்டை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பழைய பாசியும் தூசியும் ஒட்டியிருந்தன. பூச்சு தளத்தைப் பிடிக்கவே இல்லை, அழுக்கைத்தான் பிடித்திருக்கிறது. போன் போட்டேன். "மழை விடட்டும் சார்" என்றார். மழை விட்டதும் எடுக்கவில்லை. உத்தரவாத அட்டையை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன்: அது பொருளுக்கு மட்டும், வேலைக்குக் கிடையாது. கீழே பொடி எழுத்தில், தண்ணீர் தேங்கும் இடங்களுக்குப் பொருந்தாது என்று வேறு.

இரண்டாம் முறை நான்கு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் படத்தை அனுப்பினால் போதும், விலை சொல்கிறேன் என்றார். ஒருவர் தளத்தையே இடித்துப் போட வேண்டும் என்று பயமுறுத்தினார். இன்னொருவர் முதல் ஆளின் தம்பி மாதிரியே பேசினார். நான்காமவர் மேஸ்திரியாக இருந்து காண்டிராக்டர் ஆனவர். மாடிக்குப் போகும் முன்பே, "மழை பெய்யும்போது ஒழுகுதா, விட்டப்புறம் ஒழுகுதா?" என்று கேட்டார். அந்த நடுராத்திரிக் கதையைச் சொன்னேன். "அப்போ மேல தண்ணி நிக்குது. நின்ன தண்ணி மெதுவா எறங்குது" என்றார். அடுத்த கேள்வி, மழையே இல்லாத நாளில் எங்காவது ஈரம் இருக்கிறதா என்று. இருந்தது, குளியலறைச் சுவர் ஓரம். மேலே போய்ப் பார்த்துவிட்டு, அது தொட்டியிலிருந்து வரும் குழாய் இணைப்பு, என் வேலை இல்லை, பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சேர்த்து விலை போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

மாடியில் ஒரு மணி நேரம் இருந்தார். சுத்தியல் காம்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் கெட்டியாக ‘டக் டக்’ என்றது; சில இடத்தில் பானையைத் தட்டுவதுபோல் ‘டொப் டொப்’ என்றது. அங்கெல்லாம் சிமெண்ட் மேல்பூச்சு தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாம். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிப் பக்கம் ஊற்றிவிட்டுச் சும்மா நின்றார். தண்ணீர் குழாயை நோக்கிப் பாதி தூரம் போய், யோசித்து நின்று, அகலமாகப் பரவியது. குழாய் வாய்க்குள் விரலை விட்டுக் காட்டினார்: வாய், தளத்தை விட ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. முன்னவர் அந்த இடத்தில் பூச்சைத் தடிமனாக அப்பி இன்னும் ஏற்றிவிட்டிருந்தார். "வாட்டம் செத்துப்போச்சு சார். மேல என்ன அடிச்சாலும் குளத்துக்கு அடியில அடிச்ச மாதிரிதான்." வாட்டம் என்றால் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்கான சரிவு.

விலை கேட்டேன். சொல்லவில்லை. அடுத்த மழைக்கு மறுநாள் காலை வந்து, நின்றிருந்த நீரின் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்தார். இரண்டு பெரிய தேக்கம். படுக்கையறை வட்டத்துக்கு நேர் மேலே ஒன்றும் இல்லை. அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித்தான் தேங்கியிருந்தது. தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, பூச்சுக்கும் தளத்துக்கும் நடுவே ஊர்ந்து, எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்குமாம். வட்டத்துக்கு நேர் மேலே மட்டும் சிமெண்ட் பூசிப் பார்த்த என் பழைய சொந்த முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

தளத்துக்கு வேலை வந்துவிட்டதா என்று பார்க்க இப்போது எனக்கே கொஞ்சம் கண் பழகிவிட்டது. மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் வாட்டம் போதவில்லை. கூரையின் அடிப்பக்கம் உப்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி வந்தால், தண்ணீர் கான்கிரீட்டுக்குள் புகுந்து அதிலிருப்பதைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று பொருள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைக் கட்டாயம் பாருங்கள். கான்கிரீட் வெயிலில் நீளும்: 10 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர். தினமும் பகலில் நீண்டு ராத்திரியில் சுருங்கும் அந்த இழுப்பெல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த மூலைதான். விரிசல் எதைப் பார்த்தாலும் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற விரிசல், சிமெண்ட் வைத்து அடைத்தால் நிற்காது. மேல்பூச்சில் மட்டும் இருக்கும் சிலந்திவலை மாதிரிக் கீறல்களுக்கும், நிறம் மங்கியதற்கும் யாரும் அவசரப்பட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் தனி. கூரையின் அடியில் நேர்க்கோடாகத் துருக்கறை தெரிந்தாலோ, காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ வாட்டர் புரூஃபிங் ஆளைக் கூப்பிடாதீர்கள். துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அதைக் கட்டடப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை, தப்பித்தோம்.

இரண்டாமவரின் கொட்டேஷன் இரண்டு பக்கம். பழைய பூச்சை எடுப்பது, கிளம்பிய சிமெண்டைக் கொத்துவது, வாட்டம் போடுவது, மூலைகளைச் சரிவாக உருட்டிப் பூசுவது, பிரைமர், வலை, எத்தனை கோட் என்று எல்லாம் தனித்தனியாக. அதில் என் கண்ணைத் திறந்தது லிட்டர் கணக்கு. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர் கனம். அவர் எழுதிய பொருளில் பாதி காய்ந்து போய்விடும், மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். காய்ந்த பிறகு 1 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமென்றால் 100 சதுர மீட்டருக்கு 200 லிட்டர் வேண்டும். முன்னவர் கொண்டுவந்தது 20 லிட்டர் வாளி மூன்று. காலி வாளிகளைச் செடி வைக்க எடுத்து வைத்ததால் எண்ணிக்கை நன்றாக ஞாபகம் இருக்கிறது. 60 லிட்டர்! அதிலும் தண்ணீர் கலந்துதான் அடித்தார்கள். யார் வந்தாலும் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், காலி வாளிகளை எண்ணுங்கள். நான் இரண்டாம் முறை தினமும் எண்ணினேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டார்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரித்தோம். கடைசிப் பத்தில் ஒரு பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு என்று எழுதி வாங்கினேன். வேலைக்கான உத்தரவாதம் தனித் தாளில், ஐந்து வருடம். ஆட்கள் விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்றும் கேட்டேன். எங்கள் கைப்பிடிச் சுவர் முட்டிக்குக் கொஞ்சம் மேல்தான். காப்பீட்டுத் தாளைக் காட்டினார். முன்னவரிடம் இதெல்லாம் கேட்கவே தோன்றவில்லை.

மூன்று வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. பழைய பூச்சை உரிக்க மட்டும் நான்கு நாள். பழையதைக் கொத்தி எடுத்த பிறகுதான் புதுக் கலவை போட்டார்கள், இல்லாவிட்டால் தளத்துக்கு எடை கூடிவிடும், 1 செ.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும். குழாய் வாயைத் தாழ்த்தி, மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் வருகிற மாதிரி வாட்டம் பிடித்தார்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தார்கள். அப்புறம் காயவிட்டுவிட்டு ஆளையே காணோம். நானே போன் செய்து சத்தம் போட்டேன். வந்தவர் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். "இப்ப அடிச்சா பழையபடி கொப்புளம்தான்" என்றார். நான்கு நாள் கழித்து மறுபடி ஒட்டினோம், மறுபடியும் நீர். மூன்றாம் முறைதான் தாள் காய்ந்திருந்தது. அதற்கு மேல் நான் போன் செய்யவில்லை.

முதல் கோட் சாம்பல் நிறம், அடுத்தது வெள்ளை. விட்டுப்போன இடம் சாம்பலாகக் காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளில் வலை வைத்து, பூச்சைச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றினார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு குழாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டினார்கள், தாழ்ந்த பக்கம் 5 செ.மீ. ஆழம், 48 மணி நேரம். முழுத் தளத்திலும் அந்த ஆழத்துக்குக் கட்டினால் 5,000 லிட்டர், அதாவது ஐந்து டன். அதனால் நடுவில் சின்ன வரப்பு போட்டுப் பாதி பாதியாகப் பார்த்தார். கம்பி துருப்பிடித்த பழைய தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்றும் அவரே சொன்னார். கீழே நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கொத்திய கழிவு மூட்டைகள் இரண்டு வாரம் வாசலில் கிடந்தன. கூப்பிட்டால் எடுப்பார், ஆனால் சொன்ன நாளில் வரமாட்டார், மறுநாள் வருவார். நான்காவது வருடம் இணைய இணைப்பு கொடுக்க வந்த பையன் கம்பம் நடத் தளத்தில் நாலு துளை போட்டுவிட்டான். நான் வீட்டில் இல்லை. அடுத்த மழைக்கே கூடத்தில் சொட்டியது. மேஸ்திரி வந்து அவனையும் என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் அடைத்துக் கொடுத்தார். துளை போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று தாளில் இருந்தது, அதனால் காசு வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆறாவது வருடம், மாடிக் கதவிலிருந்து துணிக்கொடி வரை நடந்து நடந்து வெள்ளை தேய்ந்து சாம்பல் எட்டிப் பார்த்தது. அந்தப் பாதைக்கு மட்டும் ஒரு கோட் அடித்தோம்.

மற்றபடி நான் செய்வது, மழைக்கு முன்பும் நடுவிலும் குழாய் வாயில் சேரும் இலைகளைக் கையால் அள்ளிப் போடுவது. வருடா வருடம் அதே நான்கு இடத்தில் நின்று படம் எடுத்து வைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. படுக்கையறைக் கூரை காய்ந்தே இருந்தது. குடையோடு மேலே போனேன்; எல்லாம் குழாயைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது, தொட்டிக் காலடியில் மட்டும் கையகலத்துக்கு நீர் நின்றது. மழை விட்ட மறுநாள் மாலையும் அது அப்படியே இருந்தது. சாக்பீஸால் சுற்றி வரைந்து, பக்கத்துச் சுவரில் தேதி எழுதியிருக்கிறேன்.